கிரெடிட் கார்டு வங்கிகளின் வசூல் பிரிவுத் தலைவர்களுக்கு ஓர் அக்காவின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். திருநெல்வேலியில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். உங்கள் வங்கிகள் எதிலும் எனக்குக் கடன் இல்லை. என்னிடம் கிரெடிட் கார்டும் கிடையாது. இருந்தும் போன வருஷம் பதினொரு வாரம், உங்களில் ஒருவருடைய வங்கிக்காக என்னைத் தினமும் போனில் அழைத்தார்கள். அது எந்த வங்கி என்று இங்கே எழுதப்போவதில்லை. ஸ்டாஃப் ரூமில் இந்தக் கதையைச் சொன்ன அன்றைக்கு ஆளுக்கொரு வங்கியின் பெயரைச் சொல்லி, எங்களுக்கும் இதே கதைதான் என்றார்கள். அதனால் இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்.

கடன் என் தம்பியுடையது. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தான். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது நான் நகையை அடகு வைத்துக் கொஞ்சம் புரட்டினேன், மீதி ஆஸ்பத்திரி பில்லை அவன் கார்டில் தேய்த்தான். நாலு மாதம் தேதி தவறாமல் கட்டினான். பிறகு கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். குறைத்த பட்டியலில் அவனும் இருந்தான். நின்ற பாக்கி 1,86,000 ரூபாய். வாங்கிய கடன், கட்டியாக வேண்டிய கடன். அதில் அவனுக்கும் எனக்கும் மறுபேச்சு இல்லை.

கார்டு வாங்கும்போது படிவத்தில் "ரெஃபரன்ஸ்" என்று ஒரு கட்டம் இருந்ததாம். அக்கா பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்திருக்கிறான். நான் ஜாமீன் கையெழுத்துப் போடவில்லை, என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அந்தக் கட்டத்தில் எழுதிய பத்து இலக்கம்தான் பிறகு எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது.

முதல் அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை 7:12க்கு வந்தது. அடுப்பில் குக்கர். அரிசி டப்பா மூடிமேல் வைத்திருந்த போன் அதிர, மூடியும் சேர்ந்து அதிர்ந்தது. எடுத்தேன். "அவனோட அக்காதானே? எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க அவனை?" இதுதான் முதல் வாக்கியம். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டேன். "பேங்க்ல இருந்து" என்றார். எந்த பேங்க், உங்கள் பெயர் என்ன என்றதற்கு, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நாளைக்கு வீட்டுக்கு போலீஸ் வரும், அப்ப கேளுங்க" என்று வைத்துவிட்டார். நின்ற இடத்திலேயே நின்றேன். குக்கர் எத்தனை விசில் விட்டது என்று தெரியவில்லை, அன்றைக்குச் சோறு குழைந்துபோனது.

அன்றைக்கு மட்டும் ஒன்பது அழைப்புகள். ஒன்பதும் வேறு வேறு எண்கள். ஒரு எண்ணைத் தடுத்தால் அடுத்தது வந்தது. மூன்றாம் வாரம் பள்ளியின் தரைவழித் தொலைபேசிக்கே அழைத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், உங்களைக் கேட்டு ஒரு போன். ஏதோ கேஸ்ங்கிறாங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். நல்ல மனுஷி, அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷ சர்வீஸில் அந்த அறைக்குள் தலைகுனிந்து நான் போனது அந்த ஒரு நாள்தான்.

தம்பிக்கு என்ன ஆனது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் போனை அணைத்து வைக்க ஆரம்பித்தான். வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் போனை அணைத்து வைத்தால் நேர்காணலுக்கு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஓர் இடத்திலிருந்து இரண்டு முறை அழைத்திருக்கிறார்கள், இவன் எடுக்கவில்லை. அந்த வேலை கிடைத்திருந்தால் உங்கள் பாக்கி நாலு மாதம் முன்னாலேயே வரத் தொடங்கியிருக்கும். என்னிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். "என்னாலதானே அக்கா உனக்கு இந்தப் பேச்சு" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். பிறகு அம்மாவைப் பார்க்க ஊருக்கு வருவதையே நிறுத்திவிட்டான். கடன் நெருக்கடியில் இருக்கிறவனுக்கு மிச்சமிருப்பது சொந்தக்காரர்கள் நாலு பேர். உங்கள் ஆட்கள் முதலில் அறுப்பது அந்தக் கயிற்றைத்தான். ஐயா, இதை நான் கோபத்தில் எழுதவில்லை. அவன் ஏதாவது செய்துகொள்வானோ என்று பயந்து, இரண்டு வாரம் ராத்திரி பத்து மணிக்கு அவனுடைய அறைத்தோழனுக்குப் போன் செய்து "சாப்பிட்டானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கு டீச்சருக்குத் தெரிந்தது கணக்கு எழுதுவது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, நேரம், எண், சொன்ன பெயர், பேசிய பேச்சு. பதினொரு வாரத்தில் 214 அழைப்புகள், 61 எண்களிலிருந்து. காலை எட்டுக்கு முன் 23, இரவு ஏழுக்குப் பின் 41. தன் பெயரையும் வங்கியின் பெயரையும் கேட்காமலே சொன்னவர்கள் ஆறு பேர். முழு 214க்கு ஆறு.

எட்டு, ஏழு என்று நான் பிரித்ததற்குக் காரணம் பக்கத்துத் தெரு சார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையை அச்செடுத்து என் கையில் கொடுத்தார். கடன் வசூலுக்காகக் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. ஓயாமல் அழைக்கக் கூடாது. மிரட்டியோ, யாரென்று சொல்லாமலோ அழைக்கக் கூடாது. பொய்யான தகவல் சொல்லக் கூடாது. கடன்காரரின் குடும்பத்தினர், ரெஃபரன்ஸாகப் பெயர் கொடுக்கப்பட்டவர்கள், நண்பர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது. என்னைப் போன்றவர்களை அதில் தனியாகச் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நாட்டில் யாரோ ஒருவர் நம்மை நினைத்து ஒரு வரி எழுதியிருக்கிறார், அந்த வரி திருநெல்வேலிக்கு வந்து சேரவில்லை.

இது புதிதாக வந்த விதியும் இல்லை. 2008 ஏப்ரலிலேயே ரிசர்வ் வங்கி விரிவாகச் சொல்லிவிட்டது. எந்த வசூல் ஏஜென்சியிடம் கணக்கைக் கொடுத்தோம் என்று வங்கி கடன்காரருக்குத் தெரிவிக்க வேண்டும், அந்த ஏஜென்சியின் தொலைபேசி எண்ணும் அந்த அறிவிப்பில் இருக்க வேண்டும், பேச்சைப் பதிவு செய்ய வேண்டும், வசூலுக்கு வருகிறவர் குறைந்தது 100 மணி நேரம் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். கடன்காரர் புகார் கொடுத்திருந்தால் அது முடியும்வரை கணக்கை ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. அதற்கும் முந்தைய வருஷம், ஒரு வாகனக் கடன் வழக்கில், கடனை வசூலிக்க அடியாட்களை அனுப்பக் கூடாது, சட்ட வழியில்தான் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கார்டு பாக்கி கட்டாமல் போனது ஒரு சிவில் விவகாரம். அதற்காக மட்டும் போலீஸ் வீட்டுக்கு வந்து ஆளைப் பிடித்துப் போகாது. இது உங்கள் ஆட்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் அடுப்படியில் நிற்கிற பெண்ணிடம் போலீஸ் என்ற சொல்லைச் சொல்கிறார்கள்.

"அது ஏஜென்சி செய்தது, எங்களுக்குத் தெரியாது" என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் என்னிடம் சொன்னார்கள். வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியுடையதுதான் என்று அதே 2022 சுற்றறிக்கை சொல்கிறது. நானும் கேட்கிறேன், என் நம்பரை ஏஜென்சிக்கு யார் கொடுத்தது? தம்பி உங்களிடம்தான் எழுதிக் கொடுத்தான்.

கடன் எப்படி இவ்வளவு வளர்ந்தது என்பதற்கும் ஒரு பக்கம் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், வருஷத்துக்கு 42. ஒரு லட்சம் பாக்கிக்குக் குறைந்தபட்சத் தொகை ஐயாயிரம் என்று பில் வருகிறது. அந்த ஐயாயிரத்தில் வட்டி 3,500, வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630. அசலில் கழிவது 870 ரூபாய். தம்பி நாலு மாதம் "தேதி தவறாமல் கட்டினான்" என்று மேலே எழுதினேனே, இப்படித்தான் கட்டினான். முப்பது சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையல்ல என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. சரி, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, வட்டியைப் பற்றி இந்த மடலில் நான் வாதாடவில்லை. 42 சதவீதம் வாங்குகிறவர்கள், தன் பெயரைச் சொல்லிப் பேசும் ஒரு பயிற்சி பெற்ற ஆளைப் போனில் உட்காரவைக்கவாவது செய்யலாம்.

போனில் பேசியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பெண் குழந்தை, குரலை வைத்துச் சொன்னால் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். மத்தியானம் ஒன்றரைக்கு அழைத்தாள். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன், வாய் தவறி. வகுப்பில் கேட்டுக் கேட்டுப் பழக்கம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "இல்லக்கா, இன்னும் டார்கெட் முடியல" என்றாள். எங்கள் பள்ளியில் படித்துப் போன பிள்ளைகளில் பலர் இந்த மாதிரி வேலைக்குத்தான் போகிறார்கள். ஒருவரை அழவைத்தால்தான் ஊக்கத்தொகை என்று அந்தப் பிள்ளைகளைப் பழக்குவது யார்? அந்தப் பெண்ணை நான் நோட்டில் எழுதவில்லை. மேலே சொன்ன 214இல் அவள் இல்லை.

இனி நான் கேட்க வந்த முக்கியமான விஷயம். ஏழாவது வாரம் ஒருவர் அழைத்து, "முப்பதாயிரத்துல செட்டில்மென்ட் முடிச்சுத் தர்றேன், இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க" என்றார். பெயர் பார்த்தால் தனி ஆள் ஒருவருடைய கணக்கு. அவர் உங்கள் ஏஜென்ட்டா, மோசடிக்காரரா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, ஏனென்றால் உண்மையான ஏஜென்ட்டும் இதே மாதிரி முகம் தெரியாத மொபைல் எண்ணிலிருந்துதான் அழைக்கிறார். வங்கிகளின் சேவை அழைப்புகள் 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து வர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. வசூல் அழைப்பு ஒவ்வொன்றும், ஏஜென்சி செய்தாலும் சரி, அந்த வரிசை எண்ணிலிருந்து மட்டும் வரட்டும். எந்த எண் என்பதை முன்கூட்டியே கடிதத்தில் தெரிவியுங்கள். உங்கள் ஆளை நாங்கள் அடையாளம் கண்டுகொள்வோம். எத்தனை முறை அழைத்தார் என்பதும் உங்கள் பதிவிலேயே நிற்கும். நோட்டுப் போட்டு நான் எழுத வேண்டியிருக்காது. பெயரில்லாத மொபைல் எண்ணுக்குப் பின்னால் இருக்கிற தைரியம், வங்கியின் எண்ணிலிருந்து பேசும்போது யாருக்கும் வராது.

இரண்டாவது, ரெஃபரன்ஸ் எண்களை ஏஜென்சிக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கடன்காரரின் முகவரி மாறிவிட்டது, ஆளே கிடைக்கவில்லை என்றால் வங்கியிலிருந்தே ஒருவர் ஒரே ஒரு முறை அழைத்து, "அவரை எங்களிடம் பேசச் சொல்லுங்கள்" என்று சொல்லட்டும். எவ்வளவு பாக்கி, எத்தனை மாதம் என்பதெல்லாம் எனக்கு உங்கள் ஆள் சொல்லித்தான் தெரிந்தது. தம்பி என்னிடம் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லியிருப்பான்.

இதே அவதியில் இருந்துகொண்டு இந்த மடலைப் படிக்கிறவர்களுக்காக எங்களுக்கு எது உதவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வங்கியின் குறைதீர் அலுவலருக்கு நானும் தம்பியும் தனித்தனியாக மின்னஞ்சலில் புகார் அனுப்பினோம். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து இணைத்தோம். புகார் எண் வாங்கினோம். அதற்குப் பிறகும் 37 அழைப்புகள் வந்தன. முப்பது நாளில் பதில் வரவில்லை. உடனே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு சிஎம்எஸ் என்ற அதன் புகார் இணையதளத்தில் புகார் போட்டோம், செலவு ஒரு பைசா இல்லை. சந்தேகம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. குறைதீர்ப்பாளரிடமிருந்து கடிதம் போன பிறகுதான் வங்கியிலிருந்து பெயரும் பதவியும் சொல்லி ஓர் அதிகாரி அழைத்தார். வருத்தம் தெரிவித்தார். பாக்கியை 24 மாதத் தவணையாக மாற்றிக் கொடுத்தார். அரை மணி நேரப் பேச்சு. முதல் நாளே இந்த அரை மணி நேரத்தை உங்களால் கொடுத்திருக்க முடியும்.

தம்பிக்கு இப்போது வேலை கிடைத்திருக்கிறது, சம்பளம் முன்னைவிடக் குறைவு. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி தவணை போகிறது. இதுவரை ஒன்றும் தவறவில்லை. போன மாதம் அம்மாவைப் பார்க்க வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது, தெரியாத எண். அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தேன், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், வீடு எங்கே என்று கேட்டார்.

அவனிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அவனையே அழையுங்கள். காலை எட்டுக்கு மேல், உங்கள் பெயரைச் சொல்லி. எடுப்பான்.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
திருநெல்வேலி.