செட் என்றால் 'வை' மட்டும்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'தி சன் செட்ஸ்' என்ற ஆங்கில வரிக்கு 'சூரியன் மறைகிறது' என்பதற்குப் பதிலாக 'சூரியன் வைக்கிறது' என்று என் மகள் நோட்டில் எழுதியிருந்தாள். பாவம், அவள் மேல் தப்பே இல்லை, பள்ளியில் 'செட் என்றால் வை' என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்களாம். 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் அந்த வினைச்சொல் ஒன்றுக்கே 430-க்கும் மேல் பொருள்கள். சிமென்ட் இறுகுவது, அலாரம் வைப்பது, கேள்வித்தாள் தயாரிப்பது, உடைந்த எலும்பைச் சேர்ப்பது எல்லாமே செட்தான். நம் வீட்டிலேயே பம்ப் செட், செட் தோசை, அப்புறம் 'எனக்கு அது செட் ஆகாது' என்று எத்தனை விதமாகச் சொல்கிறோம்!

ஆசிரியர்களே, சொல்லைத் தனியாகக் கொடுக்காதீர்கள், நாலு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள். உங்கள் நாளிதழின் மாணவர் பகுதியிலும் வாரம் ஒரு சொல்லை இப்படி விளக்கலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை