செவ்வாயும் வியாழனும் கேற்றைத் திறந்துவிடுங்கள்: மைதானத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

எங்கள் ஊர்ப் பொது மைதானத்தின் திறப்பு உங்கள் கந்தோரில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு பின்னேரம், செவ்வாயும் வியாழனும் 4.30 மணியிலிருந்து 6 மணிவரை, எங்கள் பிள்ளைகள் றக்பி லீக் பழக அதைத் திறந்துவிடும்படி மூன்று கடிதம் தந்திருக்கிறேன். முன்பு நடந்ததெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. அதைத் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன். மூன்றாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. என் கடிதத்தின் ஓரத்திலேயே நீல மையில் இரண்டு வரி. ஏற்கெனவே றக்பி இருக்கிற நாட்டுக்கு இன்னொரு றக்பி தேவையில்லை என்பது முதல் வரி. உலகத்தில் வளராத விளையாட்டுக்கு மைதானம் ஒதுக்க முடியாது என்பது இரண்டாவது.

அந்தப் பதில் என் கைக்கு வந்து ஆறாம் நாள் எங்கள் பிள்ளை ஒருத்தி விழுந்தாள். அதனால்தான் நாலாவது கடிதத்தை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

மைதானம் இல்லாததால் நாங்கள் எங்கே விளையாடுகிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். மைதானத்தின் பின்மதிலோடு ஒட்டிய பனங்காணி. காணிக்காரர் நல்ல மனுசன், வேண்டாமென்று சொன்னதில்லை. பிள்ளைகளே முள் வெட்டி, கல் பொறுக்கி, அடுப்புச் சாம்பலால் கோடு போட்டு, இரண்டு பக்கமும் கமுகந்தடி நட்டு வைத்திருக்கிறார்கள். பந்து இரண்டு. ஒன்று சைக்கிள் கடையில் மூன்று ஒட்டுப் போட்டது. அங்கே யாரும் யாரையும் விழுத்துவதில்லை. இடுப்பில் துணிப்பட்டி கட்டி, பட்டியைப் பறித்தால் பிடித்ததாகக் கணக்கு. அடிபடக்கூடாது என்றுதான் இப்படி வைத்தேன்.

ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கி, புல் முழங்கால் வரை வளர்ந்துவிட்டது. தரம் 10 படிக்கிற பிள்ளை. பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரையோரமாக ஓடினாள். அவளை யாரும் தொடவில்லை. கால் வழுக்கி விழுந்தாள், அவ்வளவுதான். புல்லுக்குள் ஒரு கருக்குமட்டை கிடந்திருக்கிறது. வாள் மாதிரி முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டது. கிணற்றடிக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் ஊற்றினோம். ஊற்ற ஊற்றச் சிவப்பாகவே ஓடியது. ஓட்டோ வரும்வரை அவள் காலை என் மடியில் வைத்து, என் சேட்டைக் கழற்றி அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. "சேர், பந்து கோட்டுக்கு அங்கால போட்டுதோ?" என்று கேட்டாள். ஏழு தையல்.

அந்த நேரம் மதிலுக்கு அந்தப் பக்கம் உங்கள் மைதானம் வெறுமையாகக் கிடந்தது. வெட்டிவிட்ட புல். ஒரு ஆள் இல்லை. கேற்றில் பூட்டு. காவல் நிற்கிற அண்ணை எங்கள் சத்தம் கேட்டு ஓடிவந்தார். திறப்பு அவர் இடுப்பில் தொங்கியது. அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். உத்தரவில்லாமல் திறந்தால் அவர் வேலை போய்விடும்.

இரவு ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையின் தாய் என்னோடு கோபிப்பா என்று பயந்துகொண்டு நின்றேன். அவ கோபிக்கவில்லை. "பிள்ளை விழுறதெண்டா புல்லில விழட்டும் சேர். அந்தப் பெரிய மைதானத்துக்குள்ள அப்படி என்னதான் வச்சிருக்கினம்?" என்று மட்டும் கேட்டா. என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் தயவுசெய்து அவவுக்குச் சொல்லுங்கள்.

சரி, இனி நீங்கள் எழுதிய இரண்டு வரிக்கு வருகிறேன்.

"இன்னொரு றக்பி" என்றீர்கள். கொழும்பிலும் கண்டியிலும் பாடசாலைகள் விளையாடுவது றக்பி யூனியன், ஒரு பக்கத்துக்கு 15 பேர். நாங்கள் பழகுவது றக்பி லீக், 13 பேர். ஒரு அணிக்கு ஆறு முறை பிடிபடும்வரை பந்து. அதற்குள் ட்ரை வைக்காவிட்டால், அதாவது எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அங்கால் பந்தை நிலத்தில் வைக்காவிட்டால், பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். இது பிரிந்த கதையை நீங்கள் அறிய வேண்டும். 1895 ஓகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்து ஜோர்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கழகங்கள் கூடிப் பிரிந்தன. அவர்களின் ஆட்டக்காரர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை விளையாடப் போனால் அன்றைய கூலி வெட்டு. அந்தக் கூலியை ஈடுசெய்யலாமா என்று கேட்டதற்கு, லண்டனில் இருந்த பெரியவர்கள் கூடாது என்றார்கள். காசுள்ளவன் சும்மா விளையாடலாம், கூலிக்காரன் வீட்டில் இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள். அதற்கு இணங்காமல் வெளியேறியவர்களின் விளையாட்டு இது. சனிக்கிழமைகளில் தகப்பனோடு சந்தைக்கு மரக்கறி ஏற்றப் போகிற எங்கள் பெடியளுக்கு இந்தக் கதையை நான் விளங்கப்படுத்தத் தேவையே இருக்கவில்லை.

அடுத்தது, "வளராத விளையாட்டு". இங்கேதான் எனக்கு மனம் நொந்தது. நான் சிட்னியில் பெண்டில் ஹில்லில் தமையன் வீட்டில் எட்டு வருடம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்க்கத் திரும்பி வந்தவன். அந்தப் பக்கத்தில் எங்கள் சனம் எவ்வளவு என்பது உங்களுக்கும் தெரியும். கிட்டத்தான் பரமட்டா. அவர்களின் றக்பி லீக் அணி கடைசியாகக் கிண்ணம் எடுத்தது 1986இல். 2025இலும் இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. ஆனாலும் தமையன் வீட்டில் நீலமும் மஞ்சளும் கலந்த சால்வை இன்னும் கதவில் தொங்குகிறது.

2025 பருவத்தை நானும் பிள்ளைகளும் ஒரு கைத்தொலைபேசியில் பார்த்தோம். ஒக்டோபர் 5, ஞாயிறு மத்தியானம் 2 மணிக்கு அவுஸ்திரேலிய லீக்கின் இறுதி ஆட்டம். பதினொரு பேர் ஒரு திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறிஸ்பேன் பாதி நேரத்தில் 22-12 என்று பின்னுக்கு. மெல்பேர்ணை அதற்குமேல் ஒரு புள்ளிகூட எடுக்கவிடாமல் 26-22 என்று வென்றார்கள். அவர்களுக்கு 2006க்குப் பிறகு இதுதான் முதல் கிண்ணம். 2025க்கு முந்திய நான்கு வருடமும் தொடர்ந்து கிண்ணத்தை வைத்திருந்தது பென்றித் அணி. அதே நாள் பெண்கள் இறுதி ஆட்டத்திலும் பிறிஸ்பேன்தான், 22-18. இப்போது கால் கட்டோடு இருக்கிற பிள்ளை அன்று பெண்கள் ஆட்டத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, "இவையள் இதைத்தான் வேலையாச் செய்யினமோ சேர்?" என்று கேட்டாள். ஓம், சம்பளம் வாங்கித்தான் ஆடுகிறார்கள் என்றேன். 2025இல் அங்கே பெண்கள் லீக்கில் 12 அணிகள்.

இங்கிலாந்தில் ஹல் கிங்ஸ்டன் றோவர்ஸ். ஹல் ஒரு துறைமுக நகரம், மீன்பிடியும் கப்பல்வேலையும் பார்த்த சனத்தின் ஊர். குருநகரிலும் பாசையூரிலும் பிறந்தவர்களுக்கு அந்த ஊரை விளக்கத் தேவையில்லை. 1985க்குப் பிறகு ஒரு பெரிய கிண்ணமும் காணாத கழகம் அது. 2025 ஜூனில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் வாரிங்டனை 8-6 என்று கடைசி நிமிடங்களில் மடக்கிச் சவால் கிண்ணம் எடுத்தது. பிறகு லீக் பட்டியலில் முதலிடம். ஒக்டோபர் 11 அன்று விகனை 24-6 என்று வென்று இறுதிக் கிண்ணமும். ஒரே பருவத்தில் மூன்று. நாற்பது வருடம் காத்திருந்த கிழவன்மார் அழுததைப் பார்த்து எங்கள் பெடியள் சத்தமில்லாமல் இருந்தார்கள்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். 2025இல் பிரான்சில் நடக்க இருந்த உலகக் கிண்ணம் நடக்கவில்லை. அந்த நாட்டு அரசாங்கம் காசுக்குப் பொறுப்பு நிற்க மறுத்ததால் 2023இலேயே பிரான்ஸ் கைவிட்டது. அது 2026க்குத் தள்ளிப்போய் அவுஸ்திரேலியாவிலும் பப்புவா நியூகினியிலும் நடக்கப் போகிறது. 2022இல் இங்கிலாந்தில் 16 ஆண்கள் அணிகள் ஆடின, அடுத்ததில் 10தான். அது எனக்கும் வருத்தம். 22 வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்த றக்பி லீக் ஆஷஸ் தொடரில் இங்கிலாந்து அவுஸ்திரேலியாவிடம் சொந்த மண்ணிலேயே 3-0 என்று தோற்றது. இதையெல்லாம் காட்டி வளரவில்லை என்று நீங்கள் வாதிட்டால் நான் இருந்து கேட்பேன். ஆனால் பார்க்காமல் எழுதாதீர்கள்.

ஏனென்றால் மற்றப் பக்கமும் இருக்கிறது. தொங்கா நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 1 லட்சம், சமோவாவில் 2 லட்சம். எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 5 லட்சத்துக்கு மேல். அந்தச் சமோவா 2022இல் இங்கிலாந்தை 27-26 என்று வென்று உலகக் கிண்ண இறுதி ஆட்டத்துக்குப் போனது. 2025 ஒக்டோபரில் அந்த இரண்டு தீவு நாடும் பிறிஸ்பேனில் மோதியபோது மைதானத்தில் 40,000 பேருக்கு மேல். பப்புவா நியூகினி அணி 2028இல் அவுஸ்திரேலிய லீக்கில் சேர்கிறது. அதற்கு அவுஸ்திரேலிய அரசு பத்து வருடத்தில் 60 கோடி அவுஸ்திரேலிய டொலர் கொடுக்கிறது. அதற்குள் அரசியலும் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த ஊர்ச் சிறுவனுக்கு ஒரு கதவு திறக்கிறது அல்லவா? லெபனான் அணியைப் பாருங்கள். சிட்னிக்குக் குடிபெயர்ந்த லெபனான் குடும்பங்களின் பிள்ளைகள் தொடங்கியது. 2017இலும் 2022இலும் உலகக் கிண்ணக் கால் இறுதி வரை வந்தார்கள். அவர்கள் பரமட்டாவைச் சுற்றி இருந்த அதே தெருக்களில்தான் எங்கள் சனமும் இருக்கிறது.

சக்கர நாற்காலி றக்பி லீக் என்றும் ஒன்று உண்டு. கால் உள்ளவரும் இல்லாதவரும், ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுவார்கள். 2022இல் அதற்கும் உலகக் கிண்ணம் ஆண்கள், பெண்கள் போட்டிகளோடு சேர்ந்தே நடந்தது. யுத்தத்தில் கால் இழந்தவர்கள் ஒழுங்கைக்கு ஒருவர் இருக்கிற ஊரில் இதைப் பற்றி நான் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் ஊன்றி வாசிக்க வேண்டிய கதை கிரேக்கத்தினுடையது. அங்கேயும் அதிகாரத்தில் இருந்தவர்கள் இதை அங்கீகரிக்காத விளையாட்டு என்று சொல்லி மைதானங்களை மூடினார்கள். ஆட்டக்காரர்கள் இடத்தை வெளியில் சொல்லாமல் இரவில் விளையாடினார்கள். பொலிஸ் வந்து நின்ற நாட்களும் உண்டு. அப்படி ஒளித்து விளையாடித்தான் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். 2022இல்தான் அரசாங்கம் அங்கீகரித்தது. உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்திடம் 94-4 என்று தோற்றார்கள். அந்த நான்கு புள்ளியைத்தான் நான் பிள்ளைகளிடம் சொல்வேன். இருட்டில் பழகியவர்களின் நாட்டுக்குக் கிடைத்த நான்கு புள்ளி அது.

ஐயா, இங்கே எதற்கெல்லாம் மைதானம் திறக்கிறது என்பது ஊருக்குத் தெரியும். மேடை போட, பந்தல் போட, களியாட்டம் நடத்த, பெரியவர்கள் வந்து மாலை வாங்கத் திறக்கிறது. லொறி ஏறி இறங்கிக் கிடங்காக்கிய இடத்தைப் பிறகு மூடிவிட்டு, புல் வளரட்டும் என்கிறீர்கள். இளம்பிள்ளைகள் போதைக்குள் போகிறார்கள் என்று ஊர்வலம் வைக்கிறோம். வெயிலில் பதாகை பிடிக்க என் பிள்ளைகளையும் அனுப்பினேன். ஊர்வலம் முடிந்து பின்னேரம் 4.30க்கு அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரியூசன் கொட்டிலுக்குப் போகலாம். காசில்லாதவன் சந்தியில் நிற்கலாம். இது இரண்டும்தான் நாங்கள் அவர்களுக்கு விட்டுவைத்திருக்கிற இடம்.

மன்னிக்க வேண்டும். குறை சொல்ல எழுதத் தொடங்கவில்லை, கேட்கத்தான் தொடங்கினேன்.

எங்களுக்குக் காசு வேண்டாம். லைட் வேண்டாம். கிரிக்கெட் பிட்ச்சில் கால் வைக்க மாட்டோம், கிழக்குப் பக்கத்துப் பாதி போதும். போகும்போது குப்பை பொறுக்கிவிட்டுப் போவோம். பெற்றோர் 27 பேரும் பொறுப்புக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டார்கள். அதன் பிரதி இந்த மடலோடு உங்கள் கந்தோருக்கும் வருகிறது. வேறு நிகழ்ச்சி இருக்கிற நாளில் ஒரு வார்த்தை முதலே சொன்னால் நாங்கள் விலகி நிற்போம். கேட்பது செவ்வாயும் வியாழனும் 4.30 தொடக்கம் 6 மணிவரை மட்டும். பணிவாகக் கேட்கிறேன், கேற்றைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

வருகிற திங்கள் அந்தப் பிள்ளைக்குத் தையல் வெட்டுகிறார்கள். ஓட இன்னும் நாளாகும், ஆனால் செவ்வாய்க்கிழமை வந்து கரையில் இருந்து பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் 4.20க்குக் கேற்றடியில் நிற்போம். காவல் நிற்கிற அண்ணைக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் பயிற்றுநர்,
யாழ்ப்பாணம்.
நவம்பர் 2025