ஆய்வு நிதியின் ஓராண்டு: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, நண்பர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்ட அறிக்கை வாசித்து ஏற்கப்பட்டுவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பின் வைப்பார். வழமையான வேலைகள் வழமைபோல நடந்தன: வெள்ளவத்தையில் மாதாந்தக் கூட்டம், கொட்டாஞ்சேனையில் நீரிழிவு உள்ளவர்களுக்கான பாதப் பரிசோதனை முகாம். அன்று கொட்டிய மழையிலும் வந்து நின்றவர்களுக்கு நன்றி. மீதி அறிக்கை முழுவதும் ஆய்வு நிதியைப் பற்றியதுதான். இந்த ஆண்டு நாம் அதிகம் வாதாடியதும் அதற்காகத்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு விளக்கம். செயற்கைக் கால், கை செய்பவர்களும், காலிப்பர், ஸ்பிளிண்ட் போன்ற தாங்கிகள் செய்பவர்களும் தங்கள் வேலைத்தலத்தில் இருந்தபடியே சிறு ஆய்வுகள் செய்யட்டும் என்றுதான் இந்த நிதியைத் தொடங்கினோம். பல்கலைக்கழகத்தில் புதிதாக ஆய்வுக்கு வந்த இளையவர்களுக்கும் இதில் இடம் உண்டு. தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற இடங்களில் மானியம் கேட்பதற்கு முன்னனுபவம் தேவைப்படுகிறது. அந்த முதல் அனுபவத்தை எங்கே பெறுவது? அமெரிக்காவில் ஓர் அறக்கட்டளை இந்தத் துறைக்கென்றே சிறு மானியங்கள் கொடுத்து வந்திருக்கிறது. நம்முடையது அதன் அளவுக்குக் கிட்டவும் வராது. நோக்கம் மட்டும் ஒன்றுதான்.

தொழில் நமக்குப் புதிதல்ல. கொழும்பில் ஃபிரெண்ட் இன் நீட் சொசைட்டி என்ற தொண்டுச் சங்கம் 1831இல் தொடங்கியது. பிற்காலத்தில் ஜெய்ப்பூர் கால் என்ற, இந்தியாவில் உருவான மலிவான செயற்கைக் கால் செய்வதால் நாடறிந்த பெயராகிவிட்டது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் இருந்து இயங்குகிறது. ஜப்பானிய அறக்கட்டளையான நிப்பொன் மன்றத்தின் உதவியோடு 2004இல் இத்தொழிலுக்கான பயிற்சிக் கல்லூரியும் வந்தது. இத்தனை கால்கள் செய்தும், நம் வெயிலிலும் வியர்வையிலும் ஒரு சாக்கெட் (மீதியுள்ள கால் பொருந்தி நிற்கும் கூடு) எத்தனை மாதம் தாங்குகிறது, வயலில் இறங்குபவருக்கும் கோயிலில் சப்பாணி கட்டி உட்காருபவருக்கும் எந்தப் பாதம் பொருந்துகிறது என்று நம்மிடம் எழுத்தில் இருப்பது சொற்பம். குளிர்நாட்டு ஆய்வுகள் சப்பாத்துப் போட்டு நடப்பவரை வைத்தே பேசுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2017இல் இத்துறைக்கான தரங்களை வெளியிட்டபோது, தேவையுள்ள பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் உதவிச் சாதனம் கிடைக்கிறது என்று எழுதியது. கிடைத்த அந்த ஒருவர் அதைப் பிறகு பாவித்தாரா, கட்டிலுக்குக் கீழே போட்டாரா என்பதுதான் நமது கேள்வி.

சரி, விண்ணப்பங்களுக்கு வருகிறேன். பெரும்பாலானோர் கருவி கேட்டார்கள். மடிகணினி, அழுத்தம் அளக்கும் உணரி, ஒருவர் நடை ஆய்வுக் கமராவே கேட்டார். ஆசை புரிகிறது. ஆனால் இரண்டு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் நடைச் சோதனைக்கு ஒரு தாழ்வாரம், அளவு நாடா, மணிக்கூடு போதும். முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்களைப் புதுச் சாக்கெட் போட்ட நாளிலும், சில மாதம் கழித்தும் நடக்கவிட்டு அளந்து, தோல் புண்ணையும் குறித்துக்கொள்ளும் திட்டத்தையே நிர்வாகசபை தெரிவு செய்தது. கேட்ட பணமும் அதில்தான் மிகக் குறைவு.

அந்தத் திட்டம் நமக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. பணம் தேவைப்பட்ட இடம் வேறு. இரண்டாம் அளவுக்கு ஆட்கள் திரும்பி வரவில்லை. வவுனியாவில் இருந்தோ முல்லைத்தீவில் இருந்தோ கொழும்புக்கு வர பஸ் கூலி, கூட வருபவரின் கூலி, அன்றைய நாட்கூலி இழப்பு எல்லாம் சேர்ந்தால், கால் நன்றாக இருக்கும்வரை யார் வருவார்? புண் வந்தவர்தான் வருவார். அப்படிச் சேரும் தரவு கோணல் தரவு. ஆய்வு செய்த தம்பிக்கும் அதே சங்கடம்: கடமை நேரத்தில் கிளினிக்கை விட்டு எழும்ப முடியவில்லை, வேலை செய்யும் இடத்தில் லீவு கேட்டால் ஆய்வு உங்கள் வேலையா என்கிறார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு எடுத்த காலமும் நம் மானியக் காலத்தைத் தின்றுவிட்டது. அதில் குழுவைக் குறை சொல்ல மாட்டேன், நோயாளரைக் காப்பதற்குத்தான் அது இருக்கிறது. நமது விதிதான் அனுமதி கிடைத்த நாளில் இருந்து காலத்தை எண்ணியிருக்க வேண்டும்.

இதன்பேரில் நிர்வாகசபை சார்பில் இரண்டு தீர்மானங்களை முன்மொழிகிறேன். முதலாவது, மானியத்தின் பெரும்பங்கு நோயாளரின் பயணச் செலவுக்கும், ஆய்வாளருக்குப் பதிலாக கிளினிக்கில் நிற்பவரின் கொடுப்பனவுக்கும் போக வேண்டும். கருவிக்கு விலைப்பட்டியலோடு காரணமும் எழுத வேண்டும். 2022இல் ரூபா விழுந்த பிறகு இறக்குமதிப் பொருளின் விலை நம் நிதிக்கு எட்டாத உயரம் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாவது, ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் புள்ளிவிபரம் தெரிந்த ஒருவர் ஆரம்பத்தில் இருந்தே துணையாக இருக்க வேண்டும். தரவு சேர்த்து முடிந்தபின் கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பட்டதாரிகளுக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்ற கருத்தும் சபையில் வந்தது. எனக்கு உடன்பாடில்லை. பட்டறையில் பதினைந்து வருடம் பிளாஸ்டர் வார்த்தவருக்கு எந்த இடத்தில் சாக்கெட் கடிக்கும் என்று கை சொல்லும். அவரிடம் நல்ல கேள்வி இருக்கிறது. வாக்கெடுப்பில் உங்கள் முடிவுக்குக் கட்டுப்படுவேன்.

புதிய விண்ணப்பப் படிவம் தைப்பொங்கலுக்குப் பிறகு பொருளாளரிடம் கிடைக்கும், தமிழிலும் சிங்களத்திலும். நோயாளரின் சம்மதப் படிவத்தையும் இரு மொழியிலும் இணைத்தே தரவும். இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவோம்.