உன் குறிப்பேட்டைப் படித்த பிறகு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய களக் குறிப்புகளை இரண்டு முறை படித்தேன். வெண்முகக் கபுச்சின் குரங்குகளில் பெண்கள் பழுத்த கனிகளை விரைந்து பறிப்பதையும், ஆண்கள் அடிக்கடி தரைக்கு இறங்கி இரை தேடுவதையும் பார்த்துவிட்டு, ஆண் வலியது, அதனால் துணிந்து இறங்குகிறது என்று ஒரே காரணத்தோடு முடித்திருக்கிறாய். உடலின் அளவு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணை மறந்துவிட்டாயே, அம்மா!

இக்குரங்குகளில் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய உதவும் ஆப்சின் (கண்ணில் ஒளியை உணரும் புரதம்) மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரு எக்ஸ் மட்டுமே, அதில் இம்மரபணுவின் ஒரு வடிவம் மட்டுமே என்பதால் எல்லா ஆண்களுக்கும் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாத இருநிறப் பார்வைதான். பெண்ணுக்கு இரண்டு இருப்பதால், அவற்றில் வெவ்வேறு வடிவ மரபணுக்களைப் பெற்ற பெண்களுக்கு மட்டும் முந்நிறப் பார்வை வாய்க்கிறது. அவற்றுக்கு இலைகளின் நடுவே சிவந்த கனி சட்டென்று தெரியும். பட்டையின் நிறத்தோடு ஒன்றிக் கிடக்கும் பூச்சியைக் காண்பதிலோ இருநிறக் கண்ணே தேர்ந்தது. ஆகவே, 'பெண்' என்று ஒரே கட்டத்தில் நீ எழுதியவற்றுள் இருவகைக் கண்கள் கலந்திருக்கக்கூடும். சாணத்திலிருந்து மரபணுவைப் பிரித்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பசி. உனக்குப் பாலூட்டிய மாதங்களில் நள்ளிரவில் எழுந்து உண்டவள் நான். அந்தப் பசியைக் கர்ப்பகாலத்தில்கூட நான் அறிந்ததில்லை. எத்தியோப்பிய மேட்டுநிலங்களில் புல் மேயும் ஜெலாடா குரங்குகளில் பாலூட்டும் தாய்கள் உண்ணும் நேரத்தைக் கூட்டிக்கொள்கின்றன. ரீசஸ் குரங்குகளின் ஆண்களோ இனச்சேர்க்கைப் பருவத்தில் உண்பதைக் குறைத்து எடையை இழக்கின்றன. ஒரே மாதக் கணக்கை வைத்துப் பெண் மிகுதியாக உண்கிறது என்று எழுதினால், அது அந்த மாதத்தின் செய்தியாகவே நின்றுவிடும்.

இன்னொன்று: தரையில் இருப்பது கண்ணுக்கு எளிதில் படுவதால் அதையே நாம் மிகுதியாகப் பதிந்துவிடுவோம். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974-இல் அவதானிப்பு முறைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான் எச்சரிக்கிறது. ஒவ்வொரு குரங்கையும் முன்கூட்டியே குறித்த நேரத்துக்குத் தனித்தனியே தொடர்ந்து பார். பாலூட்டுகிறதா என்பதற்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்கு.

சினையாக இருக்கலாம் என்று நீ எழுதிய அந்தப் பெண் குட்டி ஈன்றதும், நாளில் எவ்வளவு நேரம் உண்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா