தறியை விற்றுவிட்டாயா?

அன்புள்ள குமார்,

எட்டு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. கோபமாக இருப்பாய், தெரியும். பொங்கலுக்கு வரும்போது நேரில் திட்டிக்கொள். அம்மாவையும் செல்வி அக்காவையும் கேட்டதாகச் சொல். வாடகை சைக்கிள் கதையை மணி இன்னும் விடவில்லையாமே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கொஜிமா போயிருந்தேன், இங்கே ஜப்பானில் ஜீன்ஸுக்குப் பேர்போன ஊர். ஒகயாமாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. கடலைத் தூர்த்து எடுத்த நிலம். உப்பு மண்ணில் நெல் வரவில்லை, பருத்தி வந்தது. பருத்தி வந்ததும் தறி வந்தது, அப்புறம் தையல். பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த ஊர், 1965இல் ஜீன்ஸுக்கு மாறியது. ஆனால் துணி அமெரிக்காவுடையது. அந்த டெனிம் துணியைச் சொந்தமாக நெய்ய 1973 ஆகிவிட்டது, குராபோ மில்லில்.

மூடிக் கிடந்த கடைத்தெருவை ஜீன்ஸ்காரர்கள்தான் எழுப்பியிருக்கிறார்கள். தலைக்கு மேல் கயிறு கட்டி, துவைத்துக் காயப்போட்ட மாதிரி வரிசையாக ஜீன்ஸ் தொங்குகிறது. தெருக்கோடியில் உப்பளத்தில் சம்பாதித்த நொசாகி குடும்பத்தின் பழைய வீடு. அதைச் சுற்றிப் பார்க்க எனக்கு நேரமில்லை. ஒரு கடையிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது.

அங்கே ஒரு பெரியவர் ஜீன்ஸின் காலைத் திருப்பிக் காட்டினார். உள்ளே துணியின் கரை, அதில் ஒரே ஒரு சிவப்பு நூல். எனக்குச் சட்டென்று உங்கள் தறிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. ஊடு நூலைச் சுமந்து நாடா போய்த் திரும்பும் தறியில்தான் அப்படிக் கரை மூடும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? அகலம் ஒரு கெஜத்துக்கும் குறைவு. ஒரு பேண்ட்டுக்கே மூன்று மீட்டர் போய்விடும். தறி மெதுவாக ஓடுவதால் துணி லேசாக மேடுபள்ளமாக இருக்கிறது. நம் ஊரில் அதைக் குறை என்று திருப்பி அனுப்புவார்கள். இங்கே அதைத் தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்!

நீளவாக்கில் ஓடும் பாவு நூலைக் கயிறாகத் திரட்டி அவுரிச் சாயத்தில் முக்குவார்களாம். எடுக்கும்போது பச்சை, காற்றுப் பட்டதும் நீலம். மறுபடி முக்கு, மறுபடி காற்று. எத்தனை தடவை முக்கினாலும் நூலின் நடுவில் வெள்ளை அப்படியே நிற்கும். அதனால்தான் உடுத்த உடுத்த, மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெளுக்கிறது.

அந்தப் பழைய தறிகளை இப்போது யாரும் செய்வதில்லை. ஒன்றைப் பிரித்து, அந்தச் சாமானைப் போட்டு இன்னொன்றை ஓட்டுகிறார்கள் என்று பெரியவர் சொன்னார். அந்த இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை, குமார். பன்னிரண்டு தறியையும் பழைய இரும்புக்கு எடை போட ஆள் வந்ததாக நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்துக்குத்தான் நான் எட்டு மாதம் பதில் எழுதவில்லை.

உங்கள் தறி வெளுக்காத காடாத் துணி நெய்தது, டெனிம் நெய்யாது. கூலி கட்டுப்படியாகாததும் எனக்குத் தெரியும். கரண்ட் பில் கட்டுகிறவன் நீ, விற்காதே என்று சொல்ல நான் யார்? ஆனாலும் கேட்கிறேன். இன்னும் போகவில்லை என்றால் இரண்டை மட்டும் நிறுத்திவை. நான் வந்து பார்க்கும் வரைக்குமாவது.

ஒரு ஜீன்ஸ் வாங்கினேன். காலை அளவெடுத்து வெட்டி, சங்கிலித் தையல் போட்டுக் கொடுத்தார்கள். வெட்டிய துண்டை இதோடு வைத்திருக்கிறேன், சிவப்பு நூல் கரையோடு. அப்பாவிடம் கொடு. பிரித்துப் பார்த்து எத்தனாம் நம்பர் நூல் என்று சொல்லிவிடுவார். என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
ரவி