ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அன்புள்ள நண்பனுக்கு,

ஏடிஎச்டிக்கான (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் சேர்ந்த குறைபாடு) மாத்திரை பகலைக் கொடுத்துவிட்டு இரவைப் பறித்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தாய். ஓராண்டு நானும் இதே புகாரோடுதான் அலைந்தேன். "எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று இரண்டு வாரம் குறித்து வாருங்கள்" என்றார் மருத்துவர். நமக்கு ஏடிஎச்டி என்று தெரிந்தும் அவர் கொடுத்த வீட்டுப்பாடம் இது! ஆறு நாள் மறந்தேன். மீதி எட்டு நாள் போதுமானதாக இருந்தது.

நான் எடுப்பது மெதில்ஃபெனிடேட் என்ற, கவனத்தைக் கூட்டும் மருந்து; ஏறக்குறைய 12 மணி நேரம் நிற்கும் வகை. வேலை நாளில் காலை 7 மணிக்குப் போட்டால் மாலை 7 மணிக்கு இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு எழுந்து, அப்போதுதான் போடுவேன். அது இரவு 11 வரை விழித்திருக்கும். நான் 2 மணி வரை. திங்கள், செவ்வாய் இரண்டும் அதற்கு வட்டி கட்டுவதிலேயே போகும்.

பழி முழுவதும் மாத்திரைக்குப் போகாது. நம்மில் பலருக்கு உடல் கடிகாரமே பின்தங்கித்தான் ஓடுகிறது. இருட்டியதும் சுரக்க வேண்டிய மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன், தூக்கம் பிடிக்காத ஏடிஎச்டிக்காரர்களுக்குச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத் தொடங்குவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். நள்ளிரவில் மூளை பளிச்சென்று இருப்பதைத் திறமை என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேனே!

இப்போது தண்ணீரும் மாத்திரையும் தலைமாட்டில். 6 மணி அலாரத்துக்கு விழுங்கிவிட்டு மறுபடி படுத்துவிடுவேன். 7 மணிக்கு மருந்தே எழுப்பிவிடும். உடனே திரைச்சீலையை விலக்குகிறேன். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னால் இழுக்கும், இரவு வெளிச்சம் பின்னால் தள்ளும். இரவில் விழுங்கினால் சுமார் பத்து மணி நேரம் சும்மா கிடந்து, காலையில் வேலையைத் தொடங்கும் மெதில்ஃபெனிடேட்கூட 2018 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. எழுந்திருப்பதே பெரும்பாடாக இருப்பவர்களை நினைத்து யாரோ செய்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சிலருக்கு மருந்து இறங்கும் நேரத்தில்தான் மனம் தறிகெட்டு ஓடும்; அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு மாலையில் சின்ன டோஸ் ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்துத் தூங்க வைக்கும் மருத்துவர்களும் உண்டு. உன்னுடையது எந்த வகை என்று தெரியாமல் நீயாக எதையும் மாற்றிவிடாதே.

அடுத்த கடிதத்தில் நீ மாத்திரை போடும் நேரத்தை எழுது. ஞாயிற்றுக்கிழமையை மறைக்காமல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்