கார்ன்வால் தோட்டங்களும் எங்கள் தங்கவயலும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் தோட்டங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரை அழகான படங்களோடு இருந்தது, ஆர்வமாகப் படித்தேன். ஆனால் சுரங்கம் என்ற சொல் அதில் ஒரே இடத்தில்தான் வருகிறது, அதுவும் கடலோரப் பாழடைந்த கட்டடம் ஒன்றின் படத்துக்கு அடியில். நான் கோலார் தங்கவயல் குடும்பத்துப் பெண். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதனால் என்னால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கார்ன்வாலில் வெள்ளீயமும் செம்பும் தோண்டியதால்தான் அந்த நிலம் இன்றைய உருவத்துக்கு வந்தது. 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததும் அந்தச் சுரங்க நிலப்பரப்பைத்தான். கட்டுரையில் கமீலியா பூக்களுக்காகப் புகழப்படும் கேர்ஹேஸ் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வளர்த்த வில்லியம்ஸ் குடும்பம் செம்புச் சுரங்கங்களில் பணம் சேர்த்த குடும்பம். ஜார்ஜ் ஃபாரஸ்ட் சீனாவின் யுனான் மலைகளில் செடிகளும் விதைகளும் சேகரிக்கப் போன பயணங்களுக்குப் பணம் கொடுத்தவர்களில் அந்தக் குடும்பத்து ஜே.சி. வில்லியம்ஸும் ஒருவர். அங்கே உருவான கலப்பினக் கமீலியா இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பெரிய குமிழ்க் கூடாரங்களுக்குள் செடி வளர்க்கும் ஈடன் திட்டத்தைப் பற்றி எழுதியது இன்னும் குறை. முதலில் ஒரு சின்னத் திருத்தம், அந்தப் பெரிய குமிழ்கள் கண்ணாடி இல்லை, ஈ.டி.எஃப்.இ என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம். அவை நிற்பது பீங்கான் செய்யும் சீனக் களிமண்ணை வெட்டி எடுத்துத் தீர்ந்துபோன, சுமார் 60 மீட்டர் ஆழப் பள்ளத்தில். செடி வைக்க அங்கே மண்ணே இல்லை. களிமண் குவாரிக் கழிவோடு மக்கிய உரத்தைக் கலந்து 85,000 டன் மண்ணைப் புதிதாகத் தயாரித்தார்கள். அந்த மண்ணில்தான் இன்று மழைக்காட்டு மரங்கள் கூரையைத் தொடுகின்றன. செத்த பூமி என்று யாரும் கைகழுவிவிடவில்லை என்பதுதான் எனக்கு அங்கே பெரிய விஷயம். அது திறந்தது 2001 மார்ச் 17. எங்கள் தங்கச் சுரங்கங்களை மூடியது அதே 2001, பிப்ரவரி 28. மூன்று வாரம்கூட இடைவெளி இல்லை, இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

அப்புறம், கட்டுரையாளர் ஒவ்வொரு தோட்டத்துக்கும் காரில் போயிருக்கிறார். கார்ன்வாலை நடந்து பார்க்க வேண்டும். வடகரையில் போர்ட்ரீத்திலிருந்து தென்புறம் டெவோரன் வரை ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நடைபாதை ஒன்று இருக்கிறது. ஒருகாலத்தில் குதிரை வண்டித் தண்டவாளத்தில் செம்புத் தாது போன வழி அது. தாது கப்பலேறி வேல்ஸுக்கு உருக்கப் போகும், திரும்பும் கப்பலில் நிலக்கரி வரும். வழியில் போல்டைஸ் பள்ளத்தாக்கில் ஆர்சனிக் கலந்த கழிவு மண் இன்னும் கிடக்கிறது, பல இடங்களில் புல்கூட முளைப்பதில்லை, ஹீதர் புதர் மட்டும் ஊதாப் பூவோடு பிடித்து நிற்கிறது. சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழிகளான பழைய ஷாஃப்ட் வாய்களில் சிலவற்றைக் கான்கிரீட்டால் அடைக்காமல், வௌவால்கள் போய்வரட்டும் என்று கம்பிவலையைக் கூம்பு மாதிரி கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. 1992-இல் வீல் ஜேன் சுரங்கத்தில் தேங்கிய அமில நீர் உடைத்துக்கொண்டு வந்து கார்னன் ஆற்றையே ஆரஞ்சு நிறமாக்கியது, அந்தச் சுரங்க நீரை இன்றுவரை சுத்திகரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் விடாப்பிடியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1880-இல் தங்கவயலுக்கு வந்த ஜான் டெய்லர் கம்பெனி, சுரங்க வேலை தெரிந்த ஆட்களைக் கார்ன்வாலிலிருந்துதான் கூட்டிவந்தது. மேலே வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்களைச் சுற்றி ரோஜாத் தோட்டம், கிளப், கோல்ஃப் மைதானம். கீழே பாறையை உடைத்தவர்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்பட்ட மாவட்டங்களிலிருந்தும் போன நம் ஜனங்கள், அவர்களுக்கு மூங்கில் தட்டி வீடுகள். ஆழத்து அழுத்தத்தில் பாறை தானே வெடித்துச் செத்தவர்கள் போக, மிச்சம் பேரில் பலருக்குத் தூசியால் நுரையீரல் போனது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன அந்தச் சுரங்கங்களில் இப்போது தண்ணீர் நிற்கிறது. வெளியே எஞ்சியிருப்பது சயனைடு மேடுகள், அதாவது சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய, மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த மண். காற்றுக் காலத்தில் அது பறந்து தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லைன் வீடுகளுக்குள் போகிறது. சினிமாக்காரர்கள் பாலைவனம் வேண்டுமென்றால் அங்கே வருகிறார்கள், ஊர்க்காரர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை.

ஈடன் மாதிரி குமிழ் மாளிகை எங்களுக்கு வேண்டாம். மேட்டு மண்ணைக் காற்று தூக்காதபடி அந்த மண்ணைத் தாங்கும் புல்லும் புதரும் போட்டு மூடட்டும், ஷாஃப்டுகளைச் சுற்றி வேலி போடட்டும், ஊர்காமிலிருந்து மாரிக்குப்பம் வரை நிழல்மரம் வைத்து ஒரு நடைபாதை போடட்டும், எந்த ஷாஃப்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று வழியில் பலகை வைக்கட்டும். சயனைடு மண் என்பதால் என்ன செடி, எவ்வளவு ஆழத்துக்கு நல்ல மண் என்று முதலில் தெரிந்தவர்களைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும், அவசரத்தில் யூகலிப்டஸ் நட்டுவிட்டுப் போட்டோ எடுப்பதில் அர்த்தமில்லை.

உங்கள் கட்டுரையாளருக்கு நல்ல கண் இருக்கிறது, அவரையே தங்கவயலுக்கு அனுப்புங்கள். பெங்களூரிலிருந்து மாரிக்குப்பத்துக்கு நேராக ரயில் இருக்கிறது. மேட்டில் ஏற வேண்டாம், லைன்களில் நடந்தால் போதும், பழைய தொழிலாளிகள் இன்னும் இருக்கிறார்கள், உட்காரச் சொல்லிப் பேசுவார்கள்.

இப்படிக்கு,
தங்கவயல் வாசகி,
பெங்களூரு